வணக்கம், மாயழகு!

கொட்டாவி வர ஆரம்பிச்சிருச்சு... பார்த்துட்டேன்! மூணாவது வரிசை அண்ணே, கையை வச்சு மறைச்சாலும் தெரியுது. சரி, குடியைப் பத்தின புத்திமதியை ஓரமா வைப்போம். குட்டியா ஒரு கதை இருக்கு, அதைக் கேளுங்க.

உசிலம்பட்டிப் பக்கம் ஒருத்தர். பேரு மாயழகு. டிராக்டர் ஓட்டுறவரு. தங்கமான மனுஷன்... காலையில! பொழுது சாய்ஞ்சா ஆளே வேற.

அவருக்கு ஒரே தங்கச்சி, ஒச்சம்மா. அந்தத் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. பிள்ளைய யாரு மடியில உட்கார வைப்பாங்க? சொல்லுங்க... ஆமா, தாய்மாமன் மடியில! அந்தத் தாய்மாமன் எங்க? சீர் கொண்டுவந்த வேனுக்குள்ள போதையில மல்லாக்கப் படுத்துக் கிடக்காரு. எழுப்பிப் பார்த்தாங்க, தண்ணி ஊத்திப் பார்த்தாங்க... ம்ஹூம்! வேற யாரோ மடியில வச்சுக் காதைக் குத்துனாங்க. ஒச்சம்மா அண்ணனை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூட அவருக்கு ஆறியிருக்கும். திட்டல!

அந்த வலியிலதான் மாயழகு ஒரு கூட்டத்துக்குப் போனாரு. நம்ம கூட்டம் மாதிரியேதான். சர்ச்சுக்குப் பின்னால ஒரு சின்ன ரூம், நாலு பக்கமும் பிளாஸ்டிக் சேர், நடுவுல காபி. அங்க ஒரு பழக்கம். எந்திரிச்சு, "என் பேரு இன்னாரு, நான் ஒரு குடிநோயாளி"ன்னு சொல்லணும். சொன்னதும் எல்லாரும் ஒரே குரல்ல, "வணக்கம், இன்னாரே!" அவ்வளவுதான். யோசிச்சுப் பாருங்க... அதுவரைக்கும் வீட்டுலயும் தெருவுலயும் அவரு பேரோட ஒரு வசவும் ஒட்டிக்கிட்டுதான் வரும். இங்க பேரோட வணக்கம் வருது! மனுஷன் தேம்பித் தேம்பி அழுதுட்டாரு. அன்னைக்குக் குடியை விட்டவருதான்.

வருஷம் ஓடுச்சு. ஒச்சம்மாவுக்கு ஒரு பொம்பளப்பிள்ளையும் பொறந்து வளந்துருச்சு. ஒருநாள் ஒச்சம்மா வந்து நிக்குது. "அண்ணே... பாப்பாவுக்குக் காது குத்தணும். உன் மடியில வச்சுத்தான் குத்தணும். ஆனா... பயமா இருக்குண்ணே."

"பயப்படாத ஆத்தா, நான் வாரேன்"னுட்டாரு. வாய் சொல்லிருச்சு. ஆனா சீர்த்தட்டு தூக்க ஆளு? கூடக் குடிச்ச பழைய சேக்காளிகளைக் கூப்பிட்டாரு. "வாரோம் மாப்ளே! அது கிடக்கட்டும், சரக்கு எத்தனை பெட்டி?"ன்னாங்க. சிரிக்காதீங்க, உங்க ஊர்லயும் அப்படித்தான்! வாங்கிக் குடுத்தா, இவரு கையும் சும்மா இருக்காது. வாங்கிக் குடுக்கலைன்னா, தட்டு தூக்க நாதியில்ல.

கூட்டத்துல வந்து சொன்னாரு. "நான் போகல. காய்ச்சல்னு சொல்லிரப் போறேன்."

அங்க சவரிமுத்துன்னு ஒரு டெய்லர், கூட்டத்துக்கே மூத்தவரு. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கிட்டுக் கேட்டாரு: "தட்டு எத்தனைய்யா?"

"இருபத்தொண்ணு."

"இந்த ரூம்ல கை எத்தனை இருக்கு, எண்ணிப் பாரு!"

அடடா... அந்தச் சீர் மண்டபத்துக்கு வந்த அழகை நீங்க பார்த்திருக்கணும்! முன்னால கொட்டுமேளம். வாழைப்பழத் தட்டோட சவரிமுத்து. வளையல் தட்டோட பஸ் கண்டக்டர் ரஹமத்துல்லா. பட்டுப்பாவாடையை ஏந்திக்கிட்டு அவங்க வீட்டம்மா. ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் கெடாவைப் பிடிச்சுட்டு வாராரு... இல்ல இல்ல, கெடாதான் வாத்தியாரைப் பிடிச்சுட்டு வருது!

ஒச்சம்மாவோட மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு முழிக்கிறாரு. "யாருய்யா இவுக? நம்ம சொந்தத்துல இப்படி மூஞ்சிகளையே பார்த்ததில்லையே!"

சவரிமுத்து நெஞ்சை நிமித்திச் சொன்னாரு: "நாங்க மாமன் வகையறா!"

எல்லாம் நல்லாத்தான் போச்சு. மைக்செட்காரர்தான் கெடுத்தாரு. "தாய்மாமன் ரெண்டு வார்த்தை பேசுவாரு"ன்னு மைக்கைக் கையில குடுத்துட்டாரு. மாயழகு பாவம், எங்க பேசிப் பழகுனவரு? அந்தச் சின்ன ரூம்ல மட்டும்தான். மைக்கைப் பிடிச்சதும் வாய் தன்னால ஓடிருச்சு...

"என் பேரு மாயழகு. நான் ஒரு குடிநோயாளி."

மேளம் நின்னு போச்சு. மண்டபமே திரும்பிப் பார்த்துச்சு. ஐயோன்னு நாக்கைக் கடிச்சாரு... அதுக்குள்ள பழக்கதோஷம்! சீர் கொண்டுவந்த மொத்தப் படையும் எந்திரிச்சு நின்னு...

"வணக்கம், மாயழகு!"

மாயழகுக்குத் தலை குனிஞ்சு போச்சு. மானம் போச்சு, இனி வேனுக்குள்ளயே போய்ப் படுத்துக்கலாம்னு நினைச்சாரு. அப்ப ஒச்சம்மா எந்திரிச்சு வந்துச்சு. பாப்பாவைத் தூக்கிட்டு நேரா வந்துச்சு. "உட்காருண்ணே"ன்னுச்சு. உட்கார்ந்தாரு. பிள்ளைய மடியில வச்சுச்சு. வச்சுட்டு அண்ணன் தோள் மேல இருந்து கையை எடுக்கவே இல்ல.

ஆசாரி ஊசியோட வாராரு. பிள்ளை உதட்டைப் பிதுக்குது. பராக்குக் காட்டணும்ல? "பாப்பா பேரு என்ன?"ன்னாரு.

"என் பேரு... யாழினி."

விடுவாங்களா நம்மாளுங்க? "வணக்கம், யாழினி!"

இந்தத் தடவை அவங்க மட்டும் இல்ல. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு உட்பட மண்டபமே சொல்லுச்சு! பிள்ளை கெக்கெக்கேன்னு சிரிச்சுது... சிரிச்ச நேரத்துல ஆசாரி வேலையை முடிச்சுட்டாரு. பிள்ளை அழல. மாமன்தான் அழுதாரு.

அப்புறம் பந்தியில, இலையில சோறு விழுற நேரம். பக்கத்துல இருந்த ஒருத்தர் சவரிமுத்து காதுல கேட்டாரு. யாரு தெரியுமா? "சரக்கு எத்தனை பெட்டி"ன்னு கேட்ட அதே சேக்காளி! "உங்க கூட்டம்... என்னைக்குங்க நடக்கும்?"

ஏன் இதைச் சொல்றேன்? "குடிக்காதே"ன்னு சொல்ல ஊர்ல ஆளுக்கா பஞ்சம்? நானே இம்புட்டு நேரம் அதைத்தான் சொல்லி உங்களைத் தூங்க வச்சேன்! குடியை விட்டவனுக்குப் புத்திமதி வேண்டாம்யா... தட்டு தூக்க ஆளு வேணும். அவன் தனியா நடக்க பயப்படுற தெருவுல, "நாங்க இவன் வகையறா"ன்னு கூட நடக்க நாலு பேரு வேணும்.

இந்த மண்டபத்துலயும் இன்னைக்கு ஒருத்தர் வந்திருக்காரு. வாசல் பக்கம் நிக்கிறாரு. உள்ள வரலாமா, இப்படியே நழுவிரலாமான்னு யோசிக்கிறாரு. யாரும் திரும்பிப் பார்க்காதீங்க! வாசல்ல நிக்கிற அண்ணே, அவசரமே இல்ல. எப்பத் தோணுதோ, அப்ப உங்க பேரை மட்டும் சொல்லுங்க.

அவரு சொன்னதும் நாம என்ன சொல்லணும்? தெரியும்ல? எங்க... ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்குவோம். மூணாவது வரிசை அண்ணே, நீங்கதான் முதல்ல!