ஒன்லைன் மாமியார்

“எனக்கு இந்தோனேசியப் பாஷை படிப்பிச்சது ஒரு கொடுமைக்கார மாமியார்” என்றான் முன் சீட்டில் இருந்தவன். லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து விமான நிலைய வேலைக்குப் போகிறவர்களின் காலை பஸ் அது.

“அங்க எப்பயடா கலியாணம் கட்டினனீ?” என்று பக்கத்தில் இருந்த நண்பன் சிரித்தான்.

“டிவி நாடகத்து மாமியாரடா. அவுஸ்திரேலியா போக வெளிக்கிட்டு, வழியில இந்தோனேசியாவில அகதி முகாமில ஆறு வருசம் டிவி பாத்துக்கொண்டு கிடந்தனான். அவ ஏசினா ஒவ்வொரு சொல்லும் தெளிவா விளங்கும்.”

நானும் ஒரு காலத்தில் அகதி முகாமில் இருந்தவன். காது தானாக அங்கே போனது.

“இப்பவும் நடிக்கிறாவோ?”

“வயசு போட்டுதெண்டு டிவிக்காரர் நிப்பாட்டிப்போட்டாங்கள். அவ விடேல்லை. வீட்டுக் குசினியில அடுப்புக்குப் பக்கத்தில போனைச் சாத்தி வைச்சு, மாமியாரும் தானே மருமகளும் தானேயா நடிச்சு ஒன்லைனில போடுறா. சனம் இப்ப டிவியை விட்டிட்டு அவவைத்தான் பாக்குது. கெட்டிக்காரி. நேற்று லண்டனில இருந்து நன்றியெண்டு வீடியோவுக்குக் கீழ எழுதினனான்.”

“உனக்கு அந்தப் பாஷையில ஏச மட்டும்தானே தெரியும்?”

“ஓம், அவவின்ர ஏச்சை வைச்சுத்தான் எழுதினனான். கோவிச்சிட்டாவோ எண்டு பயமாக் கிடக்கு.”

நண்பன் போனைப் பறித்துத் திறந்தான். புது வீடியோ ஒன்றில் வயதான பெண் ஒருத்தி இடுப்பில் கைவைத்துக் கத்தினாள்.

“என்னவாம்?”

“லண்டன் மருமகனுக்காம். இவ்வளவு காலம் மாமியாரை வந்து பாக்காம எங்கயடா திரிஞ்சனீ, வெக்கங்கெட்டவனே எண்டு ஏசுறா.”

அவன் அதை மூன்றாம் தடவை போட்டபோது, நண்பனும் சிரிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.