இடப்பக்க ஜன்னல்

மறுநாள் எம்.எஸ்ஸி. இயற்பியல் பரீட்சையாம். உத்திரமேரூர் பஸ்ஸில் எனக்கு முன்னால், வலப்பக்க சீட்டில், இரண்டு பெண்கள் படித்துக்கொண்டு வந்தார்கள்.

“ரூம்ல கீற காத்து மொத்தமும் தானா ஒரே பக்கமா ஒதுங்குமாடி? இந்தக் கேள்வியிலதான் போன வாட்டி கோட்டை வுட்டேன்.”

“ஒதுங்கலாம். ஆனா உலகம் அழியற வரைக்கும் பாத்துக்கினு இருந்தாலும் நடக்காது.”

மானாம்பதியில் பஸ் நின்றது. இடப்பக்கம் நுங்குக் கூடை வந்ததும் நின்றிருந்த கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போனது. பஸ்ஸே சாய்ந்தது.

“இப்ப மட்டும் இன்னாடி, எல்லாரும் ஒதுங்கிட்டாங்க?”

“தானா எங்க ஒதுங்கனாங்க? நுங்கு இழுத்துச்சி. அந்த ‘தானா’வ வுட்டுட்டுதான் போன வாட்டி எழுதியிருப்ப. இப்ப புரியுதா?”

போன வாட்டி கோட்டை விட்டவள் அதற்குள் எழுந்துபோய் இடப்பக்க ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.