கயிறு பிரியும் இடம்

ஒடில்: ...சர்க்கரை போட்டுக்கோ அர்னோ. வெறுங்காப்பி குடிச்சா மூஞ்சி இன்னும் கோணும்.

அர்னோ: மூஞ்சியைப் பத்தியும் அறிக்கையில எழுதுவீங்களா? ஒடில்னு கூப்பிடறதா, விசாரணை மேடம்னு கூப்பிடறதா, அதை முதல்ல சொல்லுங்க.

ஒடில்: ஒடில்னே கூப்பிடு. வருஷக்கணக்கா ஒரே ஊத்துல முங்கி எழுந்திருக்கோம். இப்ப என்ன புது மரியாதை?

அர்னோ: பேனாவும் கையுமா உக்காந்திருக்கீங்களே, அதான்.

ஒடில்: யானிக் எப்படிச் செத்தான்னு கஹோர் கோர்ட்டு நீதிபதி கேக்கறாரு. குகைத் தண்ணியில போன உயிர் எத்தனையோ விசாரிச்சாச்சு. இதையும் கண்டுபிடிச்சுடுவேன். நீ பதில் மட்டும் சொல்லு.

அர்னோ: சொன்னதுதான். திரும்பி வர்றப்ப வண்டல் கிளம்பிடுச்சு. என் கையே எனக்குத் தெரியலை. வழிக்குன்னு கட்டியிருக்கற கயிறைத் தடவிக்கிட்டே வந்துட்டேன். அவன் பின்னாடி வர்றான்னு நினைச்சேன். கயிறு ரெண்டாப் பிரியுதுல்ல... அங்க தப்பா உள்பக்கம் திரும்பிட்டான்.

ஒடில்: யானிக்கா?

அர்னோ: யாருக்கும் நடக்கும்.

ஒடில்: நம்ம முக்குளிக்கற கிளப்புல அத்தனை பேருக்கும் திசை சொல்லிக் குடுத்தவன் அவன். கண்ணைக் கட்டி விட்டாலும் உனக்கு முன்னாடி கரையேறுவான்.

அர்னோ: எனக்கு முன்னாடியா... அதுக்கு யானிக் எதுக்கு, உங்க மாமியாரே போதும்.

ஒடில்: சிரிக்க வைக்கப் பாக்காத. வெளிய வேன்ல கரீன் உக்காந்திருக்கா. 'உங்க புருஷன் பயந்துபோய் வழி தவறிட்டாராமே'ன்னு ரொட்டிக் கடையில கேக்கறாங்களாம். அவளுக்கு அழுகையை விட ஆத்திரம்தான் ஜாஸ்தி.

அர்னோ: ...அவகிட்ட நான் பேசறேன்.

ஒடில்: முதல்ல என்கிட்ட பேசு. கயிறு பிரியற இடத்துல நாம என்ன செய்வோம்?

அர்னோ: எனக்கே பாடமா?

ஒடில்: நீதிபதிக்குப் பாடம். வாயைத் திறந்து சொல்லு.

அர்னோ: உள்ள போறப்ப ஆளுக்கொரு பிளாஸ்டிக் வில்லையைக் கயிறுல மாட்டுவோம், வெளிய போற பக்கமா. மேல அவங்கவங்க எழுத்து இருக்கும். வர்றப்ப அவங்கவங்களுதை எடுத்துப்போம்.

ஒடில்: ஒருத்தர் வில்லை மட்டும் மிச்சம் இருந்தா?

அர்னோ: அவர் இன்னும் உள்ள இருக்காருன்னு அர்த்தம்... எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

ஒடில்: யானிக்கோட வில்லை எங்க இருந்துச்சு தெரியுமா? அவன் கால் பையில. ஜிப் போட்டு பத்திரமா.

அர்னோ: சரி... அதுக்கென்ன?

ஒடில்: அந்த இடத்துக்கு வந்திருக்கான். இதுதான் வெளிய போற வழின்னு தெரிஞ்சு, தன்னுதை எடுத்துக்கிட்டிருக்கான். அப்புறம் திரும்பவும் உள்ள போயிருக்கான்.

அர்னோ: எடுத்த பிறகு தலை சுத்தி, பக்கம் மாறியிருக்கலாம்ல?

ஒடில்: வழி தவறினவன் கயிறை விடுவானா? உடும்பு மாதிரி பிடிச்சுப்பான். இவன் என்ன பண்ணான்? பெரிய கயிறுல தன் சின்னக் கயிறைக் கட்டி, பக்கத்துப் பொந்துக்குள்ள போய்ப் பாத்திருக்கான். திரும்பி வந்து சுருட்டி, அடுத்த பொந்து. அங்கதான் காத்து தீர்ந்திருக்கு.

அர்னோ: விளக்கு, கேமரா... எதையாவது தொலைச்சிருப்பான்.

ஒடில்: ரெண்டும் அவன்கிட்டயே இருந்துச்சு. ஆளைத் தேடினான் அர்னோ. உள்ள போனதே ரெண்டு பேரு. யாரைத் தேடியிருப்பான்?

அர்னோ: என்னையா? நான் என் வில்லையை எடுத்துட்டேனே. இந்தாங்க... இருக்கு பாருங்க.

ஒடில்: எப்ப எடுத்த?

அர்னோ: வெளிய வர்றப்ப... வழக்கம்போல.

ஒடில்: உடலை எடுக்கப் போன அணியில நீ வேண்டாம்னு சொன்னேன். 'இடம் தெரிஞ்சவன் நான்தான்'னு அடம் பிடிச்ச.

அர்னோ: நண்பனை அங்க விட்டுட்டு நான் வீட்டுல உக்காந்திருக்கவா?

ஒடில்: உங்க அணி இறங்கறதுக்கு முன்னாடி, காலையில நான் ஒரு தரம் போயிட்டு வந்தேன்.

அர்னோ: யாரும் சொல்லலையே...

ஒடில்: சொல்ல வேண்டாம்னேன். எதையும் தொடலை, பாத்தேன், படம் எடுத்தேன். கயிறு பிரியற இடத்துல ஒரே ஒரு வில்லை இருந்துச்சு. மேல 'அ'. அதுதான் இப்ப உன் கையில இருக்கு.

அர்னோ: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் இவ்வளவு நேரம்...

ஒடில்: நீயே சொல்லுவேன்னு பாத்தேன். உனக்காக இல்லாட்டியும் அவனுக்காக.

அர்னோ: வண்டல்ல ஒண்ணும் தெரியலை ஒடில். சத்தியமா. கையில வில்லை தட்டுப்பட்டுச்சு... நின்னு தடவிப் பாக்கப் பயமா இருந்துச்சு. எடுத்தேனா இல்லையான்னே தெரியாம வந்துட்டேன்.

ஒடில்: அதை நான் குத்தம்னு எழுத மாட்டேன். நானும் அப்படிப் பயந்திருக்கேன். யானிக் வழி தவறலை, உன்னைத் தேடிப் போனான்னு எழுதப் போறேன். கரீன் அதைத் தலை நிமிந்து படிப்பா. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. வில்லை அங்கயே இருக்குன்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது? கரையேறின பிறகா?

அர்னோ: இல்ல...

ஒடில்: சொல்லு.

அர்னோ: மேல வர்றப்ப உடம்பு பழகறதுக்கு ஆறு மீட்டர் ஆழத்துல கொஞ்ச நேரம் தொங்கணும்ல... அப்பவே பையைத் தடவினேன். இல்லை. திரும்பிப் போற அளவுக்கு சிலிண்டர்ல காத்து இருந்துச்சு. அவன் என் வில்லையைப் பாப்பான்னும் தெரியும். நானா இருந்தா, பாத்துட்டு நேரா வெளிய வந்திருப்பேன் ஒடில்... அவனும் அப்படித்தான் வந்துடுவான்னு இருந்துட்டேன்.