புழுக்கம் நிலவுகிறது

— “இரண்டாயிரத்து இருபத்தைந்து, மே மாதம் பதின்மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. வானம் மேகமூட்டம். வெப்பம் முப்பத்தெட்டு டிகிரி. முந்தைய இரவு சிறு தூறல். காற்று இல்லை.” இதுவரை எழுதிவிட்டேன் சார். அடுத்ததைச் சொல்லுங்கள்.

— நான் தேதி மட்டும்தானே போடச் சொன்னேன், நாகஜோதி? விசாரணைக் குறிப்புல வானிலை அறிக்கை எதுக்கு?

— விசாரணையே அதைப் பற்றியதுதான் சார்.

— அதைப் பத்தினதா, வேற எதையாவது பத்தினதாங்கிறதைத்தான் விசாரிக்க வந்திருக்கேன்.

— ஏ டீச்சரு, தம்பி வந்ததும் வராததுமா ஏன் மல்லுக்கு நிக்கிற? தம்பி, மொதல்ல இந்த மோரக் குடிங்க. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு.

— இருக்கட்டும்மா. நீங்க யாரு?

— முத்துத்தாயி. அப்பளம் தேய்க்கிற முப்பத்திரெண்டு பொம்பளைகளுக்கும் மூத்தவ நாந்தேன். ஒங்க அத்தா லத்தீப் பாய் இந்தத் தகரக் கொட்டகையப் போட்ட அன்னிக்கே பலகையப் போட்டு ஒக்காந்தவ. நீங்க ஆரிப் தம்பிதான? சின்னப் புள்ளையில இங்கன வந்து, பச்ச மாவ உருண்ட உருண்டையாத் தின்னுட்டு வயித்தால போனீகளே, நாந்தேன் கழுவிவிட்டேன்.

— அதையும் குறிப்பில் சேர்க்கவா சார்?

— வேண்டாம். நாகஜோதி, நீங்க வீட்டுலயும் இப்படி எழுத்துத் தமிழ்லதான் பேசுவீங்களா?

— அவ எழுமலையில இருந்து வந்து எறங்குனப்பவே இப்பிடித்தேன் தம்பி. பல்கலைக்கழகத்துல தமிழ் எம்.ஏ. படிச்சவ, இங்க அப்பளக் கட்ட எண்ணி எழுதுறா. அதான் நாங்க டீச்சருங்கிறது.

— சரி, விஷயத்துக்கு வாரேன். போன சனிக்கிழமை பதிவேட்டுல நீங்க எழுதுனதை ஒருதடவை வாசிங்க.

— “தொழிலாளரிடையே புழுக்கம் நிலவுகிறது. நாளுக்கு நாள் கூடி வருகிறது. பிற்பகலில் தாங்க முடியவில்லை. இனியும் பொறுப்பது அரிது. உடனடி நடவடிக்கை தேவை.” என் கையெழுத்துதான் சார். பிழை எதுவும் இல்லையே?

— பிழையா? இந்தப் பக்கத்தை வழக்கம்போல போட்டோ எடுத்து அத்தாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டீங்க. பார்த்ததுல இருந்து அவருக்குச் சோறு இறங்கல. “ஆரிப்பு, நம்ம ஆளுக நம்ம மேல உள்ளுக்குள்ள புழுங்கிக்கிட்டு இருக்காகடா”ன்னு ஒரே புலம்பல்.

— ஆத்தே! பாய் அப்பிடியா நெனச்சுட்டாரு?

— வேற எப்படி நெனைக்க முடியும்? நாளை மறுநாள் ஹஜ்ஜுக்குப் புறப்படுறார்மா. போறதுக்கு முன்னாடி எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேட்டு, யார் மனசுலயும் குறை இல்லாமப் போகணும். தெருவுல சண்டை போட்ட ஆளுக வீட்டுக்கெல்லாம் போய்ட்டு வந்துட்டாரு. பேசாம இருந்த சின்னம்மா ஜெயினம்பு வீட்டுக்கே போய்ட்டு வந்துட்டாரு. இந்த நேரம் பார்த்து, முப்பத்திரெண்டு பேர் மனசுல புழுக்கம், பொறுப்பது அரிது, நடவடிக்கை தேவைன்னு எழுத்துல வருது. அவருக்கு மன்னிப்புக் கவலை. எனக்கு வேற கவலை. யாரு இதைத் தூண்டிவிடுறதுன்னு பார்த்து, அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திட்டுத்தான் வரணும்னு கிளம்பினேன். பேரு எழுத இடம் விட்டு ஒரு லெட்டர் இந்தப் பையில இருக்கு.

— தூண்டிவிட்டது கத்திரி வெயிலு தம்பி. அது பேர எழுதிக்கங்க.

— சிரிக்கிற விஷயம் இல்லம்மா.

— நான் சிரிக்கலையே. அண்ணாந்து தகரத்தப் பாருங்க. வெயிலுன்னாக்கூடத் தேவல. நேத்து ராத்திரி ரெண்டு சொட்டுத் தூத்தலப் போட்டுட்டுப் போயிருச்சு. தரை குடிச்ச தண்ணிய இப்ப ஆவியாக் கக்குது. மேல தகரம், கீழ ஆவி, நடுவுல நாங்க. இட்டிலிக்காச்சும் பத்து நிமிசத்துல மூடியத் தொறப்பாக.

— ஃபேன் போட முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.

— தெரியாமயா? காத்துப் பட்டா ஓரம் காஞ்சு வெடிச்சுரும். அப்பளத்துக்குக் காத்து ஆகாது, சரிதேன். எங்களுக்குமா ஆகாது? காலையில தகரத்து மேல ஈரச் சாக்குப் போடுறம், பத்து மணிக்குள்ள அதுவும் மொறுமொறுன்னு ஆயிருது. தலையில ஈரத்துண்டு, மடியில வெள்ளரிப்பிஞ்சு. வேர்வை மாவுல விழுந்துறக் கூடாதுன்னு நெத்தியில வேற ஒரு கட்டு. விழுந்தா உப்புக் கூடிப்போச்சுன்னு ஒங்க யாவாரி திருப்பி அனுப்புவான். நேத்துத் திருவிழாவுல அழகரே வைகை ஆத்துல எறங்கி மேலெல்லாம் தண்ணியப் பீச்சிக்கிட்டாரு. நாங்க எங்கிட்டுப் போயி எறங்க?

— அப்ப நீங்க சொல்ற புழுக்கம் வெறும் வேக்காடு. மனசுல ஒண்ணும் இல்ல.

— வேக்காடேதேன்.

— நாகஜோதி, கொட்டகையில புழுக்கம்னு எழுதியிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். தொழிலாளரிடையேன்னு ஏன் எழுதுனீங்க?

— கொட்டகைக்கு வியர்க்காது சார்.

— படிச்ச திமிருன்னு சொல்றது இதைத்தான்.

— திமிர் அன்று சார், அனுபவம். இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் “கொட்டகையில் வெப்பம் மிகுதி” என்று எழுதினேன். பதில் இல்லை. சென்ற ஆண்டு ஏப்ரலில் “கொட்டகையில் வெக்கை தாங்க முடியவில்லை” என்று எழுதினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. இவ்வாண்டு சொல்லை மாற்றினேன். மூன்றாம் நாளே நீங்கள் காரில் வந்து நிற்கிறீர்கள்.

— சரி விடுங்க, வெறும் வேக்காடுன்னு தெரிஞ்சதே பெரிய நிம்மதி. அந்த லெட்டருக்கு வேலை இல்ல. இந்தாங்க, அத்தா மன நிம்மதிக்காக இன்னொரு பேப்பர் அடிச்சுக் கொண்டாந்தேன். முப்பத்திரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும். வாசிச்சுக் காட்டுங்க.

— “எங்கள் மனதில் எவ்விதப் புழுக்கமும் இல்லை. முழு நிறைவுடன் வேலை செய்து வருகிறோம்.” இதில் கையெழுத்து இட இயலாது சார்.

— ஏன்?

— மனதில் என்பது பிழை. மனத்தில் என்று இருக்க வேண்டும்.

— அதுக்காகவா போட மாட்டீங்க?

— அதற்காகவும். எவ்வித என்றால் எல்லா வகையும் அடங்கும். காற்றில் உள்ளதும் அடங்கும். அது இல்லை என்று இந்தக் கொட்டகையில் அமர்ந்துகொண்டு எழுதிக்கொடுத்தால், எழுதிய மை காயும் முன்பே பொய்யாகிவிடும்.

— கேட்டுக்கங்க தம்பி. புனிதப் பயணம் போற மனுசன் பைக்குள்ள பொய்ய வச்சு அனுப்பச் சொல்றீகளா?

— என்னதான் வேணும் உங்களுக்கு? நேராச் சொல்லுங்க.

— ஒன்னே ஒன்னுதேன். ஒம்பது மணிக்குத் தொறக்கிற கொட்டகைய ஆறு மணிக்குத் தொறங்க. மதியம் ஒன்னுக்கு மூடுங்க. மூனு வருசமா இதத்தேன் கேக்குறம்.

— ஆறு மணிக்குத் தேய்க்கணும்னா நாலு மணிக்கு மாவு பிசைஞ்சாகணும். விருமாண்டி அண்ணன் வருவாரா?

— கேட்டாச்சு. மூனு மணிக்கே வாரேங்குறான். வீட்டுல வேக்காட்டுக்கு எங்க ஒறங்குறான், முழிச்சுக் கெடக்குறதுக்கு மாவாச்சும் பெசையுறேங்குறான்.

— உற்பத்தி குறைஞ்சா?

— கூடும். வெள்ளனத் தேய்க்கிறது ஏறுவெயில்ல கலகலன்னு காஞ்சுரும். மதியத்துக்கு மேல தேய்க்கிறது இந்த ஈரக்காத்துல ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிருது. போன வாரம் ஒட்டுனது எம்புட்டுக் கழிச்சீக, டீச்சரக் கேளுங்க.

— நானூற்றுப் பதினேழு கட்டு.

— அம்புட்டும் மாட்டுக்குப் போச்சு. மாடு கொழுக்குது, நாங்க வத்துறம்.

— நீங்க கையெழுத்துப் போடாட்டி அந்த லெட்டர்ல நாகஜோதி பேரை எழுத வேண்டி வரும்மா. நான் வெறுங்கையோட அத்தா முன்னாடி போய் நிக்க முடியாது.

— எழுதிக்கொள்ளுங்கள் சார். ‘ஜோ’ நெடில். சிலர் குறிலாக எழுதிவிடுகிறார்கள்.

— பயமே இல்லையா உங்களுக்கு?

— இருக்கிறது. வேலை போனால் எழுமலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் பொய்யான வாக்கியம் ஒன்றை இந்தப் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். இரண்டாவது வேண்டாம் என்று பார்க்கிறேன்.

— என்ன பொய்?

— சென்ற ஆண்டு ஜூன் பதினொன்று. “தங்கப்பொண்ணு என்பவர் காலை உணவு உண்ணாமல் வந்தமையால் மயங்கி விழுந்தார்.” இலக்கணப் பிழை இல்லை. தொலைபேசியில் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியது.

— அது... இன்சூரன்ஸ்காரங்க கேப்பாங்கன்னு...

— அன்னிக்குக் காலையில நானும் அவளும் ஒரே தூக்குச்சட்டியில கம்மங்கூழு குடிச்சம் தம்பி. வெங்காயம் அவ கொண்டாந்தது. மதியம் ரெண்டரைக்குப் பலகை மேலயே சரிஞ்சா. மேலு தொட்டா அடுப்புக் கல்லு மாதிரி. ஆசுபத்திரியில ஆறு நாளு. இப்பப் பசுமலையில மகன் வீட்டுல இருக்கா. வெளிச்சத்தப் பாத்தாலே கண்ணு இருட்டுதுன்னு வாசலுக்கு வாரதில்ல. பட்டினியா வந்து விழுந்தவன்னு பேரு வாங்கிட்டுப் போனா. பட்டினி போடுற வீடா அது? ஏன் தம்பி எந்திரிச்சுட்டீக?

— ஒண்ணுமில்ல. ஒரு மாதிரி வருது. இந்தக் கதவு திறக்காதா?

— தொறந்தா அனலு வரும். நீங்க வந்து முப்பத்தஞ்சு நிமிசந்தேன் ஆகுது. மோரக் குடிங்க, மொகத்துக்கு இந்த ஈரத்துண்டப் போடுங்க. வெக்கப்படாதீக, தொவச்சதுதேன்.

— யா அல்லா, என்ன புழுக்கம்!

— எழுதிக்கொள்ளட்டுமா சார்?

— எழுதுங்க. எழுதித் தொலைங்க. ஆறு மணிக்கே திறக்கிறதா எழுதுங்க. “இயன்றவரை”ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கங்க, அத்தாகிட்ட சொல்றதுக்கு வசதியா இருக்கும்.

— இயன்றவரை என்றால் இயலாது என்று பொருள் சார்.

— சரி, எடுத்துருங்க.

— “மார்ச் முதல் செப்டம்பர் வரை” என்று வரையறுக்கலாமா? கூலியில் மாற்றமில்லை என்பதையும் தனி வாக்கியமாக எழுதுகிறேன்.

— எழுதுங்க. அந்தத் தங்கப்பொண்ணு விஷயமும்.

— எப்படி எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள் சார். அதையும் நீங்கள் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்.

— “காலை உணவு” அப்படிங்கிறதை அடிச்சுருங்க. கொட்டகை வெப்பத்தால மயங்கி விழுந்தாங்கன்னு போடுங்க.

— அடிக்க மாட்டேன். பதிவேட்டில் அடித்தல் கூடாது. கீழே திருத்தம் என்று எழுதுகிறேன், நீங்கள் ஒப்பமிடுங்கள். பழையதும் இருக்கட்டும், புதியதும் இருக்கட்டும்.

— குடுங்க பேனாவை. உங்ககூட வேலை பார்க்கிறவங்களைக் கோயில்ல வச்சுக் கும்புடணும்.

— பள்ளிவாசக்காரரு சொல்ற பேச்சா இது! பாய் காதுல விழுந்தா ஒங்களையும் மன்னிக்கணும்.

— இந்தாங்க, நான் ஒப்பம் போட்டாச்சு. இப்ப நீங்க அத்தாவுக்கான அந்தப் பேப்பரைக் குடுங்கம்மா. முப்பத்திரெண்டு பேரும் போட்டாச்சா?

— போட்டாச்சு. எட்டுப் பேரு கைநாட்டு. சின்னானோட பொஞ்சாதி மட்டும் ரெண்டு தடவ வச்சுட்டா, மொத தடவ வேர்வையில அழிஞ்சு போச்சு.

— என்ன நாகஜோதி, இதுல என்னமோ மாத்தியிருக்கீங்க?

— “மனத்தில்” என்று திருத்தினேன். “இனி” என்ற ஒரு சொல்லை முதலில் சேர்த்தேன். “இனி எங்கள் மனத்தில் எவ்விதப் புழுக்கமும் இல்லை.” ஓசை நன்றாக இருக்கிறது.

— ஓசையா! என்னமோ பண்ணுங்க. அத்தா இதைப் பார்த்தா இன்னைக்காவது சாப்பிடுவாரு. வேக்காடுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அவருக்கு மூணு நாள் பட்டினி மிச்சமாயிருக்கும். சரி, பிடிங்கம்மா, உத்தரவு. நாளைக் காலையில ஆறு மணி. கையெழுத்து, தேதி, கம்பெனி முத்திரை எல்லாம் இருக்கு. சந்தோஷம்தானே?

— சந்தோசந்தேன், நல்லாருங்க. பாய் மனங்குளுரப் போயிட்டு வரட்டும், அவருகிட்ட மட்டும் இதச் சொல்லிறாதீக தம்பி: போன சனிக்கிழம டீச்சரு எழுதுனது வெயிலப் பத்தி இல்ல.