செஃப்ரூவில் இரண்டு சாவி

கிஸ்லான்: ...ரெண்டு ரூம் எதுக்கு ஹாஜியாரே? ஆத்தைப் பாத்த மாதிரி ஒரே பெரிய ரூம் இருக்கு. பால்கனி, வெந்நீர், நல்ல கம்பளி. செஃப்ரூவுல வேற எங்க போனாலும் இந்த வசதி கிடைக்காது.

லர்பி: ரெண்டு ரூமே குடும்மா.

கிஸ்லான்: புருஷன் பொண்டாட்டிதானே நீங்க? கல்யாணப் பத்திரத்தைக் காட்டுங்க, போதும். அது இல்லாம ஒரே ரூம் தந்தா எனக்குத்தான் வம்பு.

லர்பி: பத்திரம்... ஊர்ல, ஃபெஸ்லயே வச்சிட்டு வந்துட்டேன்.

ருக்கையா: அது மட்டுமா? மாத்திரை, என் சால்வை, எல்லாம் அங்கதான். கண்ணாடி மூக்குல இருந்ததால தப்பிச்சுது.

லர்பி: சால்வை உன் பையில இருக்கு. பாத்துட்டுப் பேசு.

ருக்கையா: ...ஆமா, இருக்கு. மாத்திரை?

லர்பி: அது... மேசை மேலயே இருக்கும்.

ருக்கையா: பாத்தியாம்மா?

கிஸ்லான்: சண்டையை மேல போய் வச்சுக்குங்க ஹாஜியம்மா. எங்க ஊர் அருவி பாத்திருக்கீங்களா?

ருக்கையா: கல்யாணமான புதுசுல, செர்ரித் திருவிழாவுக்கு வந்தோம். இவர் அருவியில வழுக்கி விழுந்தார்.

லர்பி: நீ தள்ளிவிட்ட.

ருக்கையா: கை குடுத்தேன். நீங்கதான் பிடிக்கல.

கிஸ்லான்: அப்ப நாளைக்கு பஹாலில் கிராமத்துக்குப் போங்க. மலையைக் குடைஞ்சு கட்டின வீடுங்க. உள்ள கூப்பிட்டு புதினா டீ குடுப்பாங்க. பத்து மணிக்கு எங்க அண்ணன் வண்டி போகுது.

லர்பி: பத்து மணிக்கு முடியாது.

கிஸ்லான்: ஏன்?

லர்பி: ஒருத்தரைப் பாக்கணும்.

ருக்கையா: மத்தியானம் போறோம்மா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டா...

கிஸ்லான்: டாக்டரையா? யாருக்கு உடம்பு சரியில்ல?

லர்பி: எனக்குத்தான். ஆனா அது போன மாசம். இப்பத் தேவலை.

ருக்கையா: ஆஸ்பத்திரியில பன்னெண்டு நாள். ஒரு வாய் சூப் குடிக்க மாட்டேன்னு அடம். நான் போய் உக்காந்தப்புறம்தான் வாயைத் திறந்தார்.

கிஸ்லான்: பிள்ளைங்க கூட வரலையா?

ருக்கையா: பிள்ளைங்களுக்குத் தெரியாது.

லர்பி: ருக்கையா...

ருக்கையா: மகன் சிரிப்பான். மருமக ஃபெஸ் முழுக்கச் சொல்லிடுவா. அதான் இங்க வந்தோம்.

கிஸ்லான்: சரி, நான் ஒண்ணும் கேக்கல. இருபது வருஷமா இந்த ஹோட்டலை நடத்தறேன். கல்யாணம் ஆகாம திருட்டுத்தனமா வர்ற ஜோடி கொஞ்சிக்கிட்டே வரும். இந்த மாதிரி மல்லுக்கட்டறது நிஜப் புருஷன் பொண்டாட்டிதான். பத்திரம் வேண்டாம். யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன். இந்தாங்க, பெரிய ரூம் சாவி.

லர்பி: வேண்டாம்மா.

கிஸ்லான்: அட, வாங்கிக்குங்க. இந்த வயசுல என்ன கோவம்?

லர்பி: கோவம் இல்லம்மா... ருக்கையா, நீயே சொல்லு.

ருக்கையா: உனக்கு நல்ல மனசும்மா. ஆனா ஃபெஸ்லயும் பத்திரம் இல்ல. எங்களுக்குத் தலாக் ஆகி ஆறு வருஷமாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு உங்க ஊர்ல மறுபடி நிக்காஹ் எழுதறோம். இன்னிக்கு ரெண்டு சாவி குடு. நாளைக்கு ஒண்ணைத் திருப்பித் தந்துடறேன்.