நாளுக்கு மூன்றடி

எனக்குத் தேன் பிடிக்காது, ஐயா. தொண்டையைக் கரகரவென்று அறுக்கும். ஆறு பெட்டித் தேனீ வைத்திருந்தவள் இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நான் தேனுக்காக வைக்கவில்லை. எங்கள் ஊரில் பூசணியும் பாகலும் பூத்துப் பூத்து வெறுமனே உதிர்ந்துகொண்டிருந்தன. பெண்கள் விடிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின்மேல் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். பூச்சி செய்ய வேண்டிய வேலையை மனுஷி செய்வதா என்று எரிச்சலாக இருந்தது. அங்கேதான் தொடங்கியது.

என் பெயர் உபகாரமேரி. வயது அறுபத்திரண்டு. சத்துணவு அமைப்பாளராக முப்பத்தொரு வருஷம் இருந்தேன். பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிட்டார்கள், ஊரும் அப்படியே கூப்பிட்டது. மணலூர்பேட்டையிலிருந்து ஆற்றை ஒட்டி நாலு கிலோமீட்டர் எங்கள் ஊர். அறுப்பு மெஷின் வந்த பிறகு நெல்லடிக்கும் களத்துக்கு வேலையில்லை. முக்கால் ஏக்கர் பொதுநிலம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. மகளிர் குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து அதை வெட்டிச் சுத்தம் செய்து தும்பை, நொச்சி, ஆவாரை, எருக்கு, கிலுகிலுப்பை, துளசி என்று நட்டோம். எல்லாம் இந்த மண்ணின் செடி, தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பழகின செடி. “புடுங்கிப் போடுற செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திக்கினு கீறாளுங்க, இதுங்களுக்கு இன்னா ஆச்சு” என்று டீக்கடையில் சிரித்தார்கள். மறு வருஷம் அதே ஆட்கள் வண்ணத்துப்பூச்சியை போட்டோ எடுக்க வந்தார்கள். அந்த நாட்களில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

பெட்டிகளைக் கொடுத்தவர் கரியாலூர் முனியன். மலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது: பெட்டியை இடம் மாற்றுவதானால், இருட்டுகிற நேரத்தில், தேனீ எல்லாம் கூடு திரும்பிய பிறகு, நாளுக்கு மூன்றடிக்கு மேல் தள்ளி வைக்கக் கூடாது. ஒரே நாளில் முப்பதடி தூக்கி வைத்தால் மறுநாள் மேயப்போன தேனீ பழைய இடத்துக்கே வந்து, பெட்டியைக் காணாமல் சுற்றிச் சுற்றிச் செத்துப்போகும். “நாளிக்கு மூணடி நவுத்துங்க டீச்சர். அதுக்குத் தெரியவே தெரியாது” என்றார். பெட்டி நகர்த்துவது பற்றி முனியன் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். அவரை இரண்டு நாளாக உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரை அனுப்பிவிடுங்கள்.

களத்தை ஒட்டின நிலம் கண்ணாயிரத்துடையது. சொந்த நிலம் இல்லை, குத்தகை. ஒரு பக்கம் கத்தரி, ஒரு பக்கம் பாகல் பந்தல், மூலையில் பூவரச மரமும் தகரக் கதவு போட்ட மோட்டார் கொட்டகையும். இருக்கும்வரை அவரை வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அவர் என்றுதான் வருகிறது.

போன வருஷம் ஆனியில் ஒரு நாள் கத்தரிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவரைப் பிடரியில் ஒரு தேனீ கொட்டியது. ஒன்றே ஒன்று. கால் மணி நேரத்தில் உதடு தடித்து, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நான்தான் என் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து, ஒரு துண்டால் அவரை என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓட்டினேன். அவர் மனைவி ராணியம்மாள் அன்று மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தாள். ஊசி போட்டுப் பிழைக்க வைத்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இவருக்குத் தேனீ விஷம் ஒத்துக்காதும்மா. அடுத்த தடவை இந்த நேரம்கூடக் கிடைக்காது. வீட்டில் சொல்லிடுங்க, தேனீ இருக்கிற பக்கமே விடாதீங்க” என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை. சொன்னால் ஊர் கூடி அன்றைக்கே பெட்டிகளை எடுக்கச் சொல்லும். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மருந்து வாடை தாங்காமல்தான் மயங்கி விழுந்தார் என்று ராணியம்மாளிடம் சொன்னேன். குழுக் கூட்டத்திலும் சொன்னேன். பூச்சிமருந்து மனுஷனையே எப்படிச் சாய்க்கிறது பாருங்கள் என்று அவரையே எழுந்து நிற்க வைத்துப் பேசினேன். அவரும் வெட்கத்தோடு, “ஆமாங்க, அன்னிக்கு வெறும் வயித்துல அடிச்சிக்கினு இருந்தேன்” என்றார். நாலைந்து குடும்பம் அதைக் கேட்டு மருந்தைக் குறைத்தது. நல்லதற்குச் சொன்ன பொய் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

அவர் மட்டும் குறைக்கவில்லை. காய்ப்புழு விழுந்தால் குத்தகைக்காரன் என்ன செய்வான். சாயங்காலம் அடி, அப்போது தேனீ கூட்டுக்குள் இருக்கும் என்று பத்துத் தடவை சொன்னேன். “சாயங்காலம் மாடு கறக்கணும் டீச்சரே, காலையிலதான் கரண்டு, காலையிலதான் தண்ணி” என்பார். இந்தத் தை மாசம் பூ பூத்து நிற்கும்போது, காலை எட்டு மணிக்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடித்தார். மத்தியானம் ஆறு பெட்டியில் நாலு பெட்டி வாசலில் தேனீக்கள் கும்பலாகச் செத்துக் கிடந்தன. சில இன்னும் நாக்கை நீட்டியபடி துடித்துக்கொண்டிருந்தன. துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினேன். அந்த முறத்தை அவர் முன்னால் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சங்கடத்தில் சிரிக்கிற சிரிப்பு. “பூச்சிதானே டீச்சரே. வேற வரும். அதுக்கு ஏன் கண்ணு கலங்குற” என்றார்.

அன்று சாயங்காலம் மீதியிருந்த இரண்டு பெட்டியில் பெரியதை மூன்றடி தள்ளி வைத்தேன்.

வாசல் ஓட்டையைத் துணியால் அடைத்து, தாங்கியோடு தூக்கி, மூன்றடி. மறுநாள் மூன்றடி. மோட்டார் கொட்டகை அறுபத்தாறடி தூரம். அது நான் அளந்துபார்த்த தூரம். அவருக்குக் கொட்டகை பக்கம் போக பயம் வர வேண்டும், மருந்து கலக்கத் தண்ணீர் எடுக்க யோசிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டுத்தான் போய்ப் பெட்டியைத் தூக்குவேன்.

இனிமேல் சொல்லப்போவதை சர்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது அவர் உங்களிடம் போய்ச் சொல்லச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் கண்ணாயிரம் வேலியோரம் வந்து நின்றார். தலையைச் சொறிந்துகொண்டு பேசினார்.

“டீச்சரே, அன்னிக்கு நான் பேசுனது தப்பு. ராணி வூட்ல ஒரே ஏச்சு. பந்தல்ல இந்த வருசம் பிஞ்சு ஜாஸ்திதான், நானும் பாத்துக்கினுதான் கீறேன். இனிமே சாயங்காலம்தான் அடிப்பேன். மாட்ட அவ கறந்துக்குறேன்னுட்டா.”

சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு அவர் காலையில் ஒரு தடவைகூட மருந்தடிக்கவில்லை. பெட்டி தன் பக்கம் நகர்ந்து வருவதையும் அவர் கவனித்தார். “பொட்டி இன்னா நடந்து வர்ற மாரி கீது?” என்று கேலி செய்தார். வெயில் தாங்கவில்லை, உன் பூவரச மர நிழலுக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். “கொண்டா, எனக்கின்னா” என்று சொல்லிவிட்டு, கொட்டகைச் சுவரோரம் புல்லைச் செதுக்கி இடம்கூடப் பண்ணிக் கொடுத்தார். அவருக்குத் தெரியாதே, ஐயா. தெரிந்த ஒரே ஆள் நான்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு நாள் நகர்த்தியாயிற்று, திரும்பக் கொண்டுபோவதானால் அதற்கும் பன்னிரண்டு நாள் ஆகும் என்று தோன்றியது. இப்படி ஒரு காரணத்தை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. அவர் மன்னிப்புக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பெட்டி செத்துப்போன பிறகு, ஒரு வார்த்தையில் கழுவிவிட்டுப் போகிறாரே என்று வயிறு எரிந்தது.

இருபத்திரண்டாம் நாள் பெட்டி கொட்டகையைச் சேர்ந்தது. வாசல் ஓட்டையைத் தகரக் கதவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். மோட்டார் ஓடினால் சுவர் அதிரும், பெட்டி அதிரும், அதிர்ந்தால் அவை கோபப்படும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கரண்டு வந்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் ஸ்டார்ட்டரைப் போட்டார், மோட்டார் உறுமியது. கழுத்தைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். “ஒண்ணுமில்ல டீச்சரே, நாலஞ்சு கொட்டிட்டுது” என்று சிரித்தார். பயப்படவே இல்லை. பயப்பட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு வரப்பில் உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “மூச்சு அடைக்குது. வண்டிய எடு டீச்சரே” என்றார். இதோ என்றேன். வண்டி தோட்டத்து வாசலில் நின்றது. சாவி என் இடுப்பில் இருந்தது. நான் வீட்டுக்கு நடந்துபோனேன். சாவி தேடுவதுபோல் அலமாரியைத் திறந்தேன், மூடினேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். திரும்பி வரும்போது ராணியம்மாளின் அலறல் தெருமுனைவரை கேட்டது. அவள் என் காலைக் கட்டிக்கொண்டு, “யக்கா, அன்னிக்கு மாரி காப்பாத்துக்கா” என்று கதறினாள். அவளையும் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை, ஐயா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆக, கண்ணாயிரத்தைக் கொன்றது நான். பயமுறுத்த நினைத்தேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். இருபத்திரண்டு நாளும் எனக்குத் தெரியும். முனியனுக்கோ குழுப் பெண்களுக்கோ இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ராணியம்மாள் முகத்தில் இனி நான் எப்படி விழிப்பேன். எந்தத் தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். நாளைக் காலை ஜேசிபி வந்து தோட்டத்தை நிரவப் போகிறது என்கிறார்கள். எருக்கஞ்செடியில் நாற்பத்தொரு கூட்டுப்புழு தொங்குகிறது, நேற்றுத்தான் எண்ணினேன். இன்னும் பத்து நாளில் சிறகு வந்துவிடும். குற்றவாளி நான், தோட்டம் இல்லை என்று ஊர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்லி, பத்து நாள் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்காகத்தான் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.