பத்து மணிக்கு ஒரு மணியோசை

வெறும் வயிற்றில் கடவுச்சொல்லை மாற்றக் கூடாது, விசாரணை அதிகாரி அம்மணி. பசியில் விரல் நடுங்கும், ஓர் எழுத்து தப்பும், அப்புறம் அரை நாள் போய்விடும். அதனால்தான் முதலில் சிபா ரொட்டி சாப்பிடுங்கள் என்கிறேன். சூடாகப் பிய்த்தால் உள்ளே பாலாடைக்கட்டி நூல் விடும். உங்கள் எழுத்தருக்கும் ஒன்று கொடுங்கள். வாசலில் நிற்கும் காவலருக்குக் காலையிலேயே மூன்று கொடுத்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதுக் கிழவன் வீட்டைவிட்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது களைப்பான வேலை.

நாற்பத்தோரு வருடம் தொலைபேசிக் கம்பம் ஏறியவன் நான். இந்த என்கர்னாசியோன் ஊரில் நான் ஏறாத கம்பம் ஒன்று இருந்தால் அது போன வாரம் நட்டதாக இருக்கும். ஒருமுறை இடிமழையில் கம்பத்து உச்சியில் தொங்கிக்கொண்டே ஒரு பாதிரியாருக்கும் அவருடைய சமையல்காரிக்கும் நடந்த சண்டையைத் தீர்த்துவைத்தேன். ஓய்வு பெற்றதும் தெருவே தன் போன்களைத் தூக்கிக்கொண்டு இந்த மாமரத்தடிக்கு வந்தது.

எதிர்வீட்டு அம்மா, ஞா தெயோலிந்தாவும் அப்படி வந்தவள்தான். கணவர் இல்லை. ஒரே மகள் நிமியா ஸ்பெயினில், புர்கோஸ் என்ற ஊரில், படுத்த படுக்கையான ஒரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அங்கே தங்க முறையான தாள்கள் கிடையாது. ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, பேருந்து உறுமிக்கொண்டிருக்கும் அவசரத்தில், அம்மாவின் போனிலும் டேப்லெட்டிலும் தன்னுடைய கணக்கையே போட்டுக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டாள். நம் ஊரில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான். ஆறு பேருக்கு ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனித்தனி.

அந்தக் கணக்கில் ஒரு குறிப்புப் பக்கம் இருந்தது. நிமியா அங்கே எழுதினால் இங்கே தெரியும். அம்மா இங்கே எழுதினால் அங்கே தெரியும். பல் வலிக்கிறது. கோழி முட்டையிடவில்லை. இன்று பனி. அவ்வளவுதான் எழுதுவார்கள், இரண்டு பேருமே வார்த்தையில் கஞ்சம்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஞா தெயோலிந்தா டேப்லெட்டை என் மடியில் போட்டாள்.

“தோன் லிபோரியோ, இந்தச் சனியன் கடவுச்சொல்லையே கேட்டுக்கிட்டு இருக்கு. என் புருஷன்கூட என்மேல இவ்வளவு சந்தேகப்பட்டதில்ல.”

“சரியாத்தான் போடுறீங்களா?”

“நூறு தடவ போட்டாச்சு. வீட்டுக் கிளிக்கே மனப்பாடம் ஆயிருச்சு. விடிஞ்சதும் ‘கடவுச்சொல் தவறு, கடவுச்சொல் தவறு’ன்னு கத்துது.”

காரணம் எளியது. நிமியா அங்கே கடவுச்சொல்லை மாற்றி, அம்மாவிடமும் சொல்லியிருந்தாள். இங்கே டேப்லெட்டின் நாட்காட்டி மட்டும் பழையதை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. அதனால் கணக்குக்குச் சந்தேகம் வந்து எல்லாக் கருவிகளிடமும் ‘நீ யார்’ என்று கேட்டது. கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஆறு நிமிட வேலை. பிறகு பனிக்கட்டித் தண்ணீரில் புதினா நசுக்கிப் போட்டு தெரெரே ஊற்றினேன்.

தெரெரேயின் ஒழுங்கை உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்திருப்பார். ஊற்றுகிறவன் குவளையை நீட்டுவான், குடிப்பவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவார், அவன் மறுபடி ஊற்றுவான். போதும் என்றால்தான் ‘நன்றி’ என்பார்கள். அத்துடன் அவருக்கு ஊற்றுவது நிற்கும். அன்று ஞா தெயோலிந்தா இரண்டு மணி நேரம் நன்றி சொல்லவில்லை. என் மனைவி போய் ஒன்பது வருடத்தில் இந்த முற்றத்தில் யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை டேப்லெட் ஒழுங்காக வேலை செய்தது. அவள் வரவில்லை. வாசலிலிருந்து கையை மட்டும் ஆட்டினாள். பனிக்கட்டி முழுவதும் கரைந்து தண்ணீரானது. அதற்கடுத்த புதன்கிழமை என் பழைய கணினியில் அவர்கள் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை மாற்றினேன். மறுநாள் பத்து மணிக்கு வந்துவிட்டாள். நான் உடைத்ததை ஒவ்வொரு வாரமும் நானே ஒட்டவும் செய்தேன் என்பதை எழுத்தர் குறித்துக்கொள்ளட்டும். எந்தப் பழுதுபார்ப்பவன் அப்படிச் செய்வான்.

அங்கே நிமியாவின் போனும் கடவுச்சொல் கேட்கத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது என்னையும் கூப்பிட்டாள்.

“கடல் தாண்டிப் போற சிக்னல், மகளே. உப்புக் காத்துல அரிச்சுப்போயிருது,” என்றேன்.

“தோன் லிபோரியோ, கேபிள் தண்ணிக்கு அடியில போகுது. மீன் கடிச்சிருச்சுன்னு சொல்லுங்க, நம்புறேன்.”

கெட்டிக்காரப் பெண். நவம்பரில் அவள் அம்மாவுக்குப் புது சிம் வாங்கிப் போடச் சொன்னேன். அதனால் எதுவும் சரியாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் புதிய எண் ஒரு நல்ல காலைப்பொழுது முழுவதும் பேசுவதற்கு விஷயம் தந்தது. நிமியா அந்த எண்ணை மனப்பாடம் செய்யவில்லை, கணக்கில் சேமித்துக்கொண்டாள். இப்போது யார்தான் எண்ணை மனப்பாடம் செய்கிறார்கள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை குறிப்புப் பக்கத்தில் எழுதினாள். டேப்லெட் பழுதுபார்க்க என் மேசையில் இருந்ததால் நான்தான் முதலில் படித்தேன். ‘அம்மா, கண்டுபிடித்துவிட்டேன். நம் கணக்கில் நான்காவதாக ஒரு கருவி இருக்கிறது. உன் தெருவிலேயே. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன். மார்ச்சில் வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன்.’

அதை அழித்தேன். கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணாக என் எண்ணைப் போட்டேன். அம்மாவின் போனிலிருந்து கணக்கையே எடுத்துவிட்டேன். டேப்லெட்டுக்கு உயர்ந்த சிகிச்சை தேவை என்று சொல்லி என்னிடமே வைத்துக்கொண்டேன். எட்டு மாதத் தொல்லை ஒரே நாளில் ஒழிந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நிமியா கூப்பிட்டிருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும்.

அவள் கூப்பிடவில்லை. காரணத்தை நீங்கள்தான் புர்கோஸிலிருந்து வந்த அறிக்கையில் வாசித்துக் காட்டினீர்கள். மூதாட்டி இறந்துவிட்டார், வீட்டைக் காலி செய்தாயிற்று, பேருந்து நிலையத்தில் பை திருட்டுப் போனது. போன், பாஸ்போர்ட், எல்லாம் அதில். போலீசுக்குப் போகப் பயம். பொது நூலகத்துக் கணினியில் உட்கார்ந்தாள். பாஸ்போர்ட் நகல், அம்மாவின் புதிய எண், தெரிந்தவர்களின் முகவரி, எல்லாமே அந்தக் கணக்கில்தான் இருந்தன.

திங்கட்கிழமை பத்து மணி. இங்கே நாற்பது டிகிரி. ஞா தெயோலிந்தா இதோ நீங்கள் இருக்கும் நாற்காலியில் இருந்தாள். டேப்லெட் மணியடித்தது. ‘புர்கோஸிலிருந்து ஒருவர் உங்கள் கணக்கில் நுழைய முயல்கிறார். இது நீங்களா?’ கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

“என்ன சத்தம் அது?”

“பழைய தொல்லைதான்.”

“நிமியாவா இருக்குமோ? நேத்து கூப்பிடவே இல்லியே.”

“நிமியான்னா போன்ல கூப்பிட மாட்டாளா?”

“அதுவும் சரிதான்,” என்று குவளையை நீட்டினாள்.

இது நீங்களா என்று கேட்டது. நான் நிமியா இல்லை. இல்லை என்பதை அழுத்தினேன். ஓர் இயந்திரத்திடம் நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. மூன்று நாளில் பத்தொன்பது முறை கேட்டது. பத்தொன்பது முறையும் உண்மையே சொன்னேன். அங்கே இரவில் உறைபனி என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும் என்று எழுத வேண்டாம். அந்த ஊர் வானிலையை நான் தினமும் பார்த்தேன்.

புதன்கிழமை மணியடிப்பது நின்றது. பதிலாக, அந்தக் கணக்குக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, நூலகக் கணினியிலிருந்து. ஒருவர் தன் பண்ணைவீட்டில் வேலை தருவதாகச் சொல்கிறார், வெளியே காரில் காத்திருக்கிறார், அவர் பெயர் இது, போகும் இடம் இது, அம்மா, எப்படியாவது இதைப் பார்த்தால் யாரையாவது அனுப்பு. நூலகத்துப் பெண்ணுக்குக் காரின் நிறம் மட்டும்தான் நினைவிருக்கிறது. கணினியோ இரவு பூட்டும்போது எல்லாவற்றையும் துடைத்துவிடுமாம்.

மகளிடமிருந்து சேதி இல்லாமல் ஞா தெயோலிந்தா அழத் தொடங்கினாள். அழுகையைப் பார்த்துச் சும்மா இருக்க எனக்கு மனம் வராது. குறிப்புப் பக்கத்தில் எழுதினேன். ‘அம்மா, போன் கெட்டுவிட்டது. நலமாக இருக்கிறேன்.’ அவள் டேப்லெட்டின் கண்ணாடியை முத்தமிட்டாள். அதன்பின் வியாழன் மட்டுமல்ல, தினமும் வந்தாள், மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க. இருபத்து மூன்று நாள் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் இருந்ததில்லை.

இருபத்து நான்காம் நாள் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டேன். பனியில் ஒரு பசு நின்றபடியே உறைந்துவிட்டது, தபால்காரர் அதன் கொம்பில் தொப்பியை மாட்டிவிட்டுக் கடிதம் பிரித்தார் என்று எழுதினேன். ஞா தெயோலிந்தா படித்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். இரண்டாம் முறையும் படித்தாள்.

“என் மக இப்படிப் பெருக்கிச் சொல்ல மாட்டா,” என்றாள். “இந்தத் தெருவுல ஒரே ஒரு ஆள்தான் இப்படிப் பேசுவாரு.”

குவளையை என் கையில் கொடுத்தாள். நன்றி, தோன் லிபோரியோ என்றாள். எழுந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டாள். அதன்பின் எதிர்வீட்டுச் சன்னல் திறக்கவில்லை. கிளியும் கத்துவதில்லை.

கணக்கை நடத்தும் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரச் சில வாரங்களாகும் என்கிறீர்கள். மீட்பு எண்ணுக்கான என் சிம்மோ பரானா ஆற்றில் விழுந்துவிட்டது. எறிந்தேன் என்றும் எழுதிக்கொள்ளலாம். டேப்லெட்டிலும் என் கணினியிலும் இருந்த கணக்கை அன்றே எடுத்துவிட்டேன், ஆக என் ஞாபகம் ஒன்றுதான் மிச்சம். நான்கு நாளாக வருகிறீர்கள். நான் சொல்லச் சொல்லப் பதினோரு கடவுச்சொல் போட்டுப் பார்த்தீர்கள், பதினொன்றும் தவறு. இன்று மறுபடி கணக்கு பூட்டிக்கொண்டது, இனி நாளைக் காலைதான் திறக்கும். கிழவனின் தலை, என்ன செய்வது. பத்து மணிக்கு வாருங்கள், எலுமிச்சைப் புல் போட்டு வைக்கிறேன்.

இந்தாருங்கள், இன்னொரு குவளை. குடித்துக்கொண்டே கேளுங்கள், எழுத்தரும் எழுதிக்கொள்ளட்டும். கடவுச்சொல் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பண்ணைவீட்டின் பெயரும் நினைவிருக்கிறது. இரண்டையும் சொல்லிவிட்டால் நீங்கள் நன்றி சொல்லிவிடுவீர்கள்.